அண்ணனுக்கும் எச்டிஎல் குறைவு, தம்பிக்கும் எச்டிஎல் குறைவு: ஆண் ஹார்மோன் கூடினால் நல்லதா, கெட்டதா?

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 39. சேலம் அம்மாப்பேட்டையில் ஆறு விசைத்தறி போட்டு ஓட்டுகிறேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எந்த மாத்திரையும் எடுப்பதில்லை. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை 84 கிலோ, இடுப்பு 40 அங்குலம். என் தம்பிக்கு 25. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறான். வயிறு பலகை மாதிரி இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் பெரியப்பா மகன் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே அம்மா எங்கள் இருவரையும் ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டார். கொடுத்தோம். முழு உடல் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜ், அதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் சேர்ந்தே வந்தது.

எனக்கு: மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு 34, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 122, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 240. டெஸ்டோஸ்டிரோன் 286.

தம்பிக்கு: மொத்தம் 209, எச்டிஎல் 16, எல்டிஎல் 171, ட்ரைகிளிசரைடு 110. டெஸ்டோஸ்டிரோன் 88.

அவனுக்கு எச்டிஎல் பதினாறு. தட்டச்சுப் பிழை இல்லை, இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

தம்பியின் ஜிம் கோச் சொல்வது: இருவருக்கும் ஆண் ஹார்மோன் குறைவு, அதனால்தான் நல்ல கொழுப்பும் குறைவு, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் இரண்டும் ஏறும். ஹார்மோன் கொலஸ்ட்ராலில் இருந்துதான் உண்டாகிறது, அதனால் தினமும் பத்து மஞ்சள் கரு சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறார். ஆனால் நான் படித்த இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் நல்ல கொழுப்பைக் குறைக்கும் என்று நேர் எதிராகப் போட்டிருக்கிறது. என் மனைவியும் அதையே சொல்கிறாள்: பெண்களுக்கு நல்ல கொழுப்பு கூடுதலாக இருப்பதே ஆண் ஹார்மோன் இல்லாததால்தானே என்கிறாள்.

எதை நம்புவது? ஊசி போடலாமா? ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பெயரை மறைத்துவிட்டேன். தம்பி புரோட்டீன் பவுடர் மட்டும்தான் எடுக்கிறான்.


சீரம் எழுதியது:

உங்கள் குடும்பத்தில் நடந்த இழப்புக்கு முதலில் என் வருத்தம். நான் மருத்துவர் இல்லை. சேலத்தில் 31 வருடம் உயிர்வேதியியல் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது ஏற்காட்டில் மகளோடு இருக்கிறேன். கொழுப்புப் பரிசோதனை மட்டும் எத்தனை ஆயிரம் செய்திருப்பேன் என்று கணக்கில்லை.

உங்கள் ரிப்போர்ட்டின் மேல் மூலையைப் பாருங்கள். மாதிரி எடுத்த நேரம் 17:40. அதாவது சாயங்காலம் ஐந்து நாற்பது. அதற்கு முன்னால் டீ குடித்தீர்களா? தட்டுவடை செட் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தால் அந்த 240-ம் 286-ம் உங்கள் உண்மையான எண்கள் இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். முப்பதுகளில் இருக்கும் ஆணுக்குக் காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு கூடக் குறையும். சர்க்கரையாக எதையாவது குடித்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இறங்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலை பத்துக்குள், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்க்காமல் யாருக்கும் "ஹார்மோன் குறைவு" என்று முத்திரை குத்தக் கூடாது. மாலையில் எடுத்த ஒரே ஒரு எண்ணை வைத்து ஊசியைப் பற்றிப் பேசுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

ட்ரைகிளிசரைடும் அப்படித்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரம் எங்கள் லேபுக்கு வந்த ரத்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அரை மணி நேரம் உறைய விட்டு, மெஷினில் பத்து நிமிடம் சுழற்றினால், அடியில் சிவப்பாகக் கட்டி நிற்கும், மேலே சீரம் தெளியும். நல்ல சீரம் நல்லெண்ணெய் நிறத்தில், குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிற மாதிரி இருக்கும். கிடா விருந்து சாப்பிட்டுவிட்டு நேராக வந்தவருடையது நீர்மோர் மாதிரி வெளுத்து நிற்கும். விரல் இருப்பதே தெரியாது. அந்த வெளுப்புதான் ட்ரைகிளிசரைடு. அதைத் திருப்பி அனுப்பி, பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்துவிட்டு வாருங்கள் என்று சொன்னதற்கு என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்ததும் சரி, கோச் சொன்னதில் பாதியும் சரி. இரண்டும் வேறு வேறு விஷயங்கள், அதுதான் குழப்பம்.

ஆரோக்கியமான ஆண்களை வரிசையாக நிற்க வைத்து ரத்தம் எடுத்தால், சொந்த டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருப்பவர்களுக்கு எச்டிஎல் சற்றுக் கூடுதலாகவும் ட்ரைகிளிசரைடு குறைவாகவும் இருக்கும். பல நாடுகளில் இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்களுக்கு ஹார்மோனை வெளியில் இருந்து கொடுத்தால் எச்டிஎல் இறங்குகிறது. 1992-ல் இதைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். ஆரோக்கியமான ஆண்களுக்கு மருந்து கொடுத்துச் சில வாரங்கள் சொந்த டெஸ்டோஸ்டிரோனையே நிறுத்தினார்கள், எச்டிஎல் ஏறியது. கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டவர்களுக்கு ஏறவில்லை. ஆக, ஹார்மோனின் நேரடி வேலை எச்டிஎல்லைக் கீழே பிடித்து வைப்பதுதான். உங்கள் மனைவி சொன்னது சரி.

அப்படியானால் வரிசையில் நின்றவர்களிடம் ஏன் எதிர்மாறாகத் தெரிகிறது? நடுவில் வயிறு இருக்கிறது. இடுப்பில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் கூடுகிறது. இன்சுலின் கூடினால் கல்லீரல் ட்ரைகிளிசரைடை அதிகமாக ரத்தத்தில் தள்ளுகிறது. அது எச்டிஎல் துகளுக்குள் ஏறிக்கொள்ள, அந்தத் துகள் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடுகிறது. அதே கல்லீரல்தான் எஸ்எச்பிஜி என்ற புரதத்தையும் தயாரிக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து திரிவது அதுதான். இன்சுலின் கூடினால் அதன் உற்பத்தி குறையும், சுமக்க ஆள் குறைந்ததால் ரிப்போர்ட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைவாகத் தெரியும். உடம்புக்குப் பயன்படுகிற தனி டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தாலும்கூட அப்படித்தான் தெரியும்.

எங்கள் அப்பா சேலம் குகைப் பகுதியில் கைத்தறி நெய்தவர். துணியில் நாலு இடத்தில் இழை அறுந்தால் நாலையும் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க மாட்டார். இழையைக் குறுக்கே ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்து எங்கே சிராய் நிற்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். உங்கள் 34, 240, 286 மூன்றும் ஒரே நாடா அறுத்த இழைகள் என்று நினைக்கிறேன். 40 அங்குலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. தறி இரவிலும் ஓடுகிறதா? 2011-ல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது.

மஞ்சள் கரு விஷயம். ஹார்மோன் கொலஸ்ட்ராலில் இருந்து உண்டாகிறது என்பது முழு உண்மை. 1935-ல் புட்டனான்ட், ருசீச்கா இருவரும் தனித்தனியாகக் கொலஸ்ட்ராலை எடுத்து டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக் காட்டினார்கள், 1939 வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குப் பகிர்ந்து கிடைத்தது. விரையில் இருக்கும் லேடிக் செல்கள் அந்த வேலையைத்தான் தினமும் செய்கின்றன. ஆனால் எவ்வளவு? ஒரு நாளைக்கு ஆறு மில்லிகிராம் போல. அதற்குத் தேவையான கொலஸ்ட்ரால் எட்டு மில்லிகிராம். ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது. போதாததற்கு உடம்பே தினமும் ஒரு கிராம் வரை சொந்தமாகத் தயாரித்துக்கொள்கிறது. கிடங்கு நிறைய நூல் இருக்கும்போது இன்னும் பத்து மூட்டை இறக்கினால் தறி வேகமாக ஓடாது, உங்களுக்குத் தெரியாததா.

கடைசியாக உங்கள் தம்பி. இதை எழுதத் தயங்கினேன், ஆனால் அந்தப் பையனுக்கு 25 வயதுதான். பலகை வயிறு, திரண்ட தோள், ட்ரைகிளிசரைடு 110, ஆனால் எச்டிஎல் 16, எல்டிஎல் 171, டெஸ்டோஸ்டிரோன் 88. புரோட்டீன் பவுடரால் இது வராது. பிறவியிலேயே எச்டிஎல் இல்லாத குறை ஒன்று உண்டு, மிக அபூர்வம், அதில் எல்டிஎல் இப்படி ஏறி நிற்காது. இந்த நாலு எண்ணும் ஒன்றாக நிற்கும் ரிப்போர்ட்டை என் கடைசிப் பத்து வருடத்தில்தான் அடிக்கடி பார்த்தேன், எல்லாம் இருபதுகளில் இருந்த பையன்கள். வாயால் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்டனோசோலால் மாதிரி ஏதாவது ஒன்று.

விழுங்கிய மாத்திரை குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைச் சிதைத்துவிடக் கூடாது என்றே அதன் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், அதனால் முழு வீரியத்தோடு அங்கேயே நின்று வேலை செய்கிறது. எச்டிஎல்லை வெட்டிக் குறைக்கும் ஹெப்பாடிக் லைபேஸ் என்ற நொதியை அது வெகுவாகத் தூண்டிவிடும். ஊசியில் போகும் டெஸ்டோஸ்டிரோன் அப்படி இல்லை. அதில் ஒரு பங்கு உடம்பிலேயே ஈஸ்ட்ராடியாலாக, அதாவது பெண் ஹார்மோனாக மாறி எச்டிஎல்லை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். ஸ்டனோசோலால் அப்படி மாறாது.

1989-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பளு தூக்கும் ஆண்கள் பதினொரு பேர். ஆறு வாரம் தினமும் 6 மில்லிகிராம் ஸ்டனோசோலால், இன்னொரு ஆறு வாரம் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, அதே ஆட்களுக்கு. மாத்திரையில் எச்டிஎல் 33 சதவீதம் இறங்கியது, ஊசியில் 9 சதவீதம்தான். மாத்திரையில் எல்டிஎல் 29 சதவீதம் ஏறியது, ஊசியில் 16 சதவீதம் இறங்கியது. ஜிம்மில் கொடுக்கிற அளவு 6 மில்லிகிராமோடு நிற்பதில்லை.

வெளியில் இருந்து வந்ததைப் பார்த்து மூளை "இங்கே போதுமான அளவு இருக்கிறது" என்று விரைக்குச் சொல்லும் கட்டளையை நிறுத்திவிடும். அதனால்தான் 88. அந்த 88-ஐப் பார்த்து இன்னும் ஊசி போடு என்கிறார் கோச். தம்பியைத் திட்டாமல் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் அம்மா வேண்டாம்.


ஐந்து ரோடு பழைய ஜிம் எழுதியது:

அண்ணா, சீரம் ஐயா சொன்னது அப்படியே என் கதை. எனக்கு அப்போது 23. மாத்திரை அட்டையில் வராது, பெயர் எதுவும் எழுதாத சின்ன ஜிப் கவரில் அறுபது வரும். கோச் அதைக் கொழுப்பைக் கரைக்கும் "கட்டிங் மாத்திரை" என்றுதான் சொன்னார், ஸ்டீராய்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால் உங்கள் தம்பி பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பத்து வாரம் சாப்பிட்டேன். ரத்த தானம் செய்யும் நண்பனோடு போய்ச் சும்மா டெஸ்ட் எடுத்ததில் எச்டிஎல் 14. அன்றே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் 33, ஐந்தாவது மாதம் 41. கொழுப்பு திரும்பிவிட்டது. திரும்ப நாளானது மற்றதுதான். டெஸ்டோஸ்டிரோன் பழைய இடத்துக்கு வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, ஆசை என்பதே இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்கு அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் அண்ணா. எனக்கு யாரும் இல்லை.

ஹார்மோன் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கல்லீரலுக்கும் ஒரு டெஸ்ட், விந்தணு டெஸ்டும் எடுக்கச் சொன்னார்கள் எனக்கு.


மலை டீச்சர் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம், இதே இழையில் கேட்கலாமா ஐயா? என் கணவர் குடும்பத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பதால் மகனுக்குப் பத்து வயதில் ஒரு முறை பார்த்தோம், எச்டிஎல் 53. இப்போது பதினைந்து, மீசை அரும்பிவிட்டது, பார்த்தால் 41. மகளுக்குப் பதின்மூன்று, அவளுக்கு 52-லேயே நிற்கிறது. ஒரே சமையல்தான் இருவருக்கும். கவலைப்பட வேண்டுமா? அப்படியே இன்னொன்று: பெண் ஹார்மோன் எச்டிஎல்லைத் தாங்கும் என்றால் ஆண்களுக்கு அதையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?


சீரம் எழுதியது:

டீச்சர், வயதுக்கு வரும்வரை பையனுக்கும் பெண்ணுக்கும் எச்டிஎல் ஏறக்குறைய ஒரே அளவுதான். மீசை அரும்பும் வயதில் பையன்களுக்கு இறங்கும், பெண்களுக்கு அப்படியே இருக்கும். மகனுடைய 41 அந்த இறக்கம்தான், ஆண்களுக்கு 40-க்குக் கீழே போனால்தான் குறைவு என்கிறோம். கணவர் வீட்டில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் எல்டிஎல்லைக் கவனியுங்கள், கேள்வி அங்கேதான்.

இரண்டாவது கேள்வியை அமெரிக்காவில் உண்மையாகவே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1966-ல் தொடங்கிய கரோனரி டிரக் புராஜெக்ட் என்ற சோதனை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 ஆண்கள். பல மருந்துகளில் ஒன்றாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் கொடுத்தார்கள். 5 மில்லிகிராம் பிரிவை 1970-லும், 2.5 மில்லிகிராம் பிரிவை 1973-லும் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. கூடுதல் அளவு எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடியது. எச்டிஎல் எண்ணை ஏற்றுவதும் இதயத்தைக் காப்பதும் ஒன்றல்ல. பின்னாளில் எச்டிஎல்லை மட்டும் ஏற்றுவதற்கென்றே வந்த டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையும் 2006-ல் நின்றுபோனது, எடுத்தவர்களில் இறப்பு கூடியதால்.

அம்மாப்பேட்டைக்காரருக்கும் இதே பதில்தான். 34-ஐ 44 ஆக்குவது உங்கள் வேலை இல்லை. 2014-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது, அதில் நூற்றுக்கு 72 பேருக்கு எச்டிஎல் குறைவாகவே இருந்தது. நம் மக்களிடம் இது சாதாரணம். நீங்கள் பார்க்க வேண்டியது இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு, எல்டிஎல். ஊசி பற்றி ஒன்று மட்டும்: உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, இதய ஆபத்து உள்ள 5,200 ஆண்களுக்கு ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2023-ல் வந்தது. மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின. காலையில் இரண்டு முறை பார்த்தும் உங்கள் எண் குறைவாகவே இருந்தால் மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள். கோச்சிடம் வேண்டாம். ஊசி சொந்த விந்தணு உற்பத்தியையும் நிறுத்தும், குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் தொடவே கூடாது.


அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

ஐயா, பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டது சரி. அன்றைக்கு லேபுக்குப் போகும் வழியில் தட்டுவடை செட் இரண்டு, சர்க்கரை போட்ட டீ ஒன்று. சாப்பிடலாமா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ராத்திரித் தறியை ஒரு வாரம் ஆளிடம் விட்டுவிட்டு, பத்து மணிக்குப் படுத்து, பட்டினியாகக் காலை எட்டுக்கு ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 402. நாலு நாள் விட்டு மறுபடி, 389. ட்ரைகிளிசரைடு 178, எச்டிஎல் 35. டாக்டர் ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியப்பா மகன் விஷயத்தைக் கேட்டுவிட்டு எல்டிஎல்லைப் பற்றித்தான் நிறையப் பேசினார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு மாத்திரை வேண்டுமா என்று சொல்கிறேன் என்றார். எடை இப்போது 82.

தம்பியைத் தறிக்கூடத்தில் வைத்துக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தறி எல்லாம் நின்றிருந்தது. ஐந்து ரோடு தம்பி எழுதியதை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வண்டிப் பெட்டியைத் திறந்து அந்த ஜிப் கவரை எடுத்து என் கையில் கொடுத்தான். இருபத்திரண்டு மாத்திரை மிச்சம். ஒன்பது வாரமாகச் சாப்பிட்டிருக்கிறான். "கட்டிங்" என்றுதான் அவனிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

கவரோடு ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கல்லீரல் எண்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, ஆனால் திரும்பும் என்றார். நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஜிம்மை மாற்றிவிட்டான். காலையில் ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து நடக்கிறோம், ஞாயிறு மட்டும் ஏற்காடு அடிவாரம் வரை வண்டியில் போய் அங்கிருந்து முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறோம். அவன் எனக்காக மெதுவாக நடக்கிறான்.

ஐந்து ரோடு தம்பி, உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்ப முடியுமா? அவன் உங்களிடம் பேச வேண்டும் என்கிறான். என்னிடம் கேட்கக் கூச்சப்படும் சில விஷயங்கள் இருக்கும் போல.


ஐந்து ரோடு பழைய ஜிம் எழுதியது:

அனுப்பிவிட்டேன் அண்ணா. ராத்திரி ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.